முள்ளம்பன்றிக்கு எழுதிய விடுப்புக் கடிதம்

எட்டு வயதில் என் மகள் ஒரு மாதம் தண்டனை அனுபவித்தாள். குற்றம் செய்தவன் நான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் விட்டதால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வடைக்கும் கேசரிக்கும் காத்திருந்த ஐம்பது அறுபது பேர் முன்னால், ஒரு பாஸ்டர் என் பாவத்தை வரிவரியாக மொழிபெயர்க்க வேண்டி வந்தது.

ஆறு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. (இதை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நான் நடந்துகொள்வதைப் பார்த்தால் மறந்துபோகும்.) மைசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவி கிரேஸ், தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூவில் தலைமை நர்ஸ். மகள் ஷைனி மூன்றாம் வகுப்பு. விஜயநகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குவைத்திலிருந்து வந்த கிரேஸின் அண்ணன், ஷைனிக்கு ஒரு வீடியோ கேம் கருவி வாங்கி வந்தார். கையில் பிடித்தும் விளையாடலாம், டிவியில் மாட்டியும் விளையாடலாம். கிரேஸ் உடனே அனுமதிக்கவில்லை. எந்த மருந்தானாலும் அட்டையைத் திருப்பிப் படிக்காமல் கொடுக்காதவள் அவள். அந்தப் பெட்டியையும் திருப்பித் திருப்பிப் படித்தாள். உடன் வேலை செய்யும் நர்ஸ்களிடம் விசாரித்தாள். ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

"இந்தக் கம்பெனி பரவாயில்லையாம்ங்க. துப்பாக்கி, ரத்தம், கெட்ட வார்த்தை ஒண்ணும் வராதாம். குழந்தைங்கள மனசுல வச்சே செய்றாங்களாம்."

அது உண்மைதான். அந்த ஜப்பானியக் கம்பெனியின் முகமே குழந்தை முகம். அட்டையில் உருண்டைக் கன்னத்தோடு விலங்குகள் சிரித்தன. கருவியைத் திறந்தால் வரும் சத்தம்கூடத் தொட்டிலுக்கு மேல் கட்டிய கிலுகிலுப்பை மாதிரி இருந்தது. பெற்றோருக்கென்று தனியாக ஒரு செயலி வேறு. பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடியது என்று வாரம் ஒருமுறை அம்மாவின் போனுக்குத் தகவல் வந்துவிடும். கிரேஸுக்கு அது ரொம்பப் பிடித்தது. நோயாளியின் தலைமாட்டில் சார்ட் தொங்கவிட்ட மாதிரி.

கூடவே வந்த விளையாட்டு ஒரு மலை ரயில் நிலையம் பற்றியது. நாம்தான் ஸ்டேஷன் மாஸ்டர். பயணிகள் எல்லாரும் விலங்குகள். பெட்டி தூக்கிக் கொடுக்க வேண்டும், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ரயில் வந்தால் கொடி காட்ட வேண்டும். இதில் ஜெயிப்பதோ தோற்பதோ கிடையாது. கொடி காட்ட மறந்து ரயிலைத் தவறவிட்டால், பயணி நம்மைப் பார்த்து, "பரவாயில்லை, அடுத்த ரயிலில் போகிறேன். நீங்கள் டீ குடித்தீர்களா?" என்று கேட்கும்.

அந்த வரியில்தான் நான் விழுந்தேன்.

முதல் நாள் ஷைனிக்கு எப்படி விளையாடுவது என்று சொல்லிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். (எல்லா அப்பாக்களும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.) ஒரு முள்ளம்பன்றி, தன்னைவிடப் பெரிய பெட்டியோடு வந்து நின்றது. தூக்கிக்கொண்டுபோய் ரயிலில் வைத்தேன். "மிக்க நன்றி ஐயா, இந்த உதவியை மறக்க மாட்டேன்" என்றது. பதினேழு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இருபடிச் சமன்பாட்டை விளக்கியதற்காக எந்த ஜீவனும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த வருடம் பள்ளியில் எனக்கு நேரம் சரியில்லை. பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து, என்னைவிடப் பத்து வயது இளையவரிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்ன தலைமையாசிரியர் நான் டீ குடித்தேனா என்று கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் நான் திருடனாகிவிட்டேன். மாலையில் ஷைனியைக் கீபோர்டு வகுப்பில் விட்டுவிட்டு, விஜயநகர் தண்ணீர் டேங்க் பக்கம் காரை ஓரம் கட்டி விளையாடுவேன். கிரேஸுக்கு மதிய ஷிப்ட் இருந்தால் வீட்டில், சோபாவில் காலை நீட்டி விளையாடுவேன். கருவியில் இருந்தது ஷைனியின் பெயரில் ஒரே ஒரு கணக்கு, அவள் தேர்ந்தெடுத்த முயல் படத்தோடு. எனக்கென்று தனியாக ஒன்று திறந்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பிறந்த வருடம் கேட்டது. அந்த வருடத்தை அந்தக் கருவியில் தட்ட எனக்குக் கை வரவில்லை. ஷைனியின் முயலுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன்.

ஒருநாள் ஷைனி கேட்டாள். "அப்பா, என் ஸ்டேஷன்ல ரெண்டாவது பிளாட்பாரம் யாரு கட்டுனது?"

"அதுவா தானா கட்டிக்கும்டா."

"ஹௌதா?"

ஷைனிக்கு ஒன்றின் மேல் நம்பிக்கை வராதபோது, 'அப்படியா?' என்பதுகூடக் கன்னடத்தில் வந்துவிடும். அன்றிலிருந்து, விளையாடி முடித்ததும் கருவியை மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை தோசை நேரத்தில் கிரேஸின் போனுக்கு வாரத் தகவல் வந்தது. அதுவரை அவள் ஒப்புக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஷைனி, போன வாரம் இருபத்தாறு மணி நேரம் விளையாடியிருக்கியா?"

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் தோசையைப் பார்த்தேன். நான் வாழ்க்கையில் எந்த தோசையையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஓரத்தில் முறுகலாக, நடுவில் சிறுசிறு ஓட்டைகளோடு நன்றாகத்தான் இருந்தது.

"உன்னத்தான் கேக்குறேன். ஸ்கூல் விட்டு, கீபோர்டு விட்டு, எப்ப விளையாடுன? எங்க ஒளிஞ்சு விளையாடுன?"

ஷைனி இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஸாரிம்மா" என்றாள்.

ஒரு மாதம் கருவி ஸ்டீல் பீரோவில் பூட்டு. அதோடு அந்தச் சனிக்கிழமை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றங்கரைத் தோட்ட வீட்டில் அவள் சிநேகிதியின் பிறந்தநாள் விழா. அதற்கும் போகக் கூடாது. கிரேஸ் கோபத்தில் கத்துகிறவள் அல்ல. மருந்தளவு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து பீரோவில் பூட்டுவதாகச் சொல்லி டூட்டிக்குக் கிளம்பினாள்.

நான் ஏன் அப்போது பேசவில்லை என்று பின்னால் பல பேர் கேட்டார்கள். சொல்லத்தான் இருந்தேன். "கிரேஸ், நான்தான்" என்று இரண்டே வார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு "என்ன விளையாட்டு?" என்று அவள் கேட்டால், "முள்ளம்பன்றிக்குப் பெட்டி தூக்குவேன்" என்று சொல்ல வேண்டும். பகலெல்லாம் உயிருக்குப் போராடுகிறவர்கள் நடுவில் நின்றுவிட்டு வருகிறவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மதியம் பள்ளி அரை நாள். பூட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை போய்வரலாம் என்று கருவியை எடுத்தேன். அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் சில நாள் வராமல் இருக்கப் போகிறார் என்றால், நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் விடுப்புக் கடிதம் ஒட்ட வேண்டும். "நான் சில நாள் வரமாட்டேன்" என்று எழுதினால் போதும். ஆனால் நான் வாத்தியார். காரணம் எழுதாமல் விடுப்புக் கடிதம் எழுத வராது. ஆங்கிலத்தில், முழு வாக்கியங்களில், கீழே கையெழுத்தாக என் பெயரோடு எழுதினேன். எழுதி முடித்ததும் மனது லேசானது. யாரிடமோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. முள்ளம்பன்றி படித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை ஐயா" என்றது. அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். பாவம் செய்தது ஒருத்தியிடம், மன்னிப்பு வாங்கியது முள்ளம்பன்றியிடம்.

சனிக்கிழமை, பிறந்தநாள் விழாவுக்கு எல்லாரும் போயிருந்த நேரத்தில், ஷைனியைக் கூட்டிக்கொண்டுபோய்க் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். கோன் பாதி முடிந்தபோது, "முள்ளம்பன்றி பாவம்ப்பா. பெட்டி தூக்க ஆளே இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதி ஐஸ்கிரீமை என்னிடம் நீட்டினாள். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து எங்கள் தமிழ்ச் சபையில் பெற்றோர் கூட்டம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பக்கத்து ஹாலில். தலைப்பு, குழந்தைகளும் திரைகளும். பேச ஒரு ஆசிரியர் வேண்டும் என்று பாஸ்டர் கேட்டிருக்கிறார். கிரேஸ் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து எனக்குத் தகவல் சொன்னாள்.

"நம்ம வீட்ல நடந்ததையே சொல்லுங்க. சாட்சி சொல்ற மாதிரி இருக்கும்."

"ஷைனிக்கு சங்கடமா இருக்குமே."

"பேரு சொல்ல வேணாம். 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை'ன்னு சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றி நான் நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். குற்றவாளிக்கு மட்டும் வரக்கூடிய ஒரு வேகம் இருக்கிறது, அது எனக்கு வந்திருந்தது. அந்தக் கம்பெனியை விளாசினேன். சிரிக்கும் விலங்குகளைக் காட்டி நம் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்றேன். ரத்தம் வராத விளையாட்டுதான் அதிக ரத்தம் குடிக்கிறது என்றேன். (முன்வரிசையில் ஒரு அம்மா இதைக் குறித்துக்கொண்டார்.) இருபத்தாறு மணி நேரம் என்று சொல்லிவிட்டு, கணக்கு வாத்தியாராகக் கரும்பலகையில் அதை நாள் கணக்காகவும் வகுத்துக் காட்டினேன். சபை உச்சுக் கொட்டியது. பிள்ளைகள் ஹாலின் வலது பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் உட்காரப்போன நேரத்தில் கிரேஸ் எழுந்தாள். கைப்பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்தாள்.

"காட்டிச் சொன்னாத்தான் எல்லாருக்கும் புரியும். பாஸ்டரய்யா, அந்த டிவில மாட்டலாமா?"

"வேண்டாம் கிரேஸ், நேரமாச்சு, வடை ஆறிடும்" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்ங்க."

ஐசியூவில் ஒரே நேரத்தில் எட்டு மானிட்டர்களைக் கவனிக்கிறவளுக்கு ஒரு டிவி எம்மாத்திரம். ஒயரை மாட்டினாள். எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் போகும். அன்றைக்குப் போகவில்லை. கிலுகிலுப்பைச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. மலை வந்தது, ரயில் நிலையம் வந்தது. பார்த்தால், அத்தனை விலங்குகளும் அறிவிப்புப் பலகையைச் சுற்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நாலு வாரமாக அங்கேயே நிற்கின்றன போலும். நான் கடிதத்தையே மறந்திருந்தேன். அது திரை முழுக்கப் பெரிதாக விரிந்தது.

எங்கள் பாஸ்டர் நல்லவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எதைப் பார்த்தாலும், பின்வரிசைப் பெரியவர்களுக்காக உரக்கத் தமிழில் சொல்லிவிடுவார். முப்பது வருட ஊழியத்தில் வேதத் தமிழைத் தவிர வேறு தமிழ் அவர் நாக்கில் நிற்காது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரையருகே போனார்.

"'என் அன்பான பயணிகளே, நான் ஒரு மாத காலம் உங்களிடத்தில் வரக்கூடாதவனாயிருக்கிறேன்.'" சபையைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். நல்ல கடிதம் என்று நினைத்திருப்பார். "'என்னிமித்தம் என் மகள் தண்டிக்கப்பட்டாள். அவ்வளவு மணி நேரமும் விளையாடினவன் நானே. அவள் அதை அறிந்திருந்தும் வாய் திறவாதிருந்தாள். நானும் வாய் திறவாதிருந்தேன், ஏனெனில் வெட்கப்பட்டேன்.'"

இங்கே அவர் குரல் மெதுவானது. ஆனால் ஆரம்பித்த வாசகத்தைப் பாதியில் விடுவதும் அவருக்குப் பழக்கமில்லை.

"'இப்படிக்கு, ஸ்டேஷன் மாஸ்டர்...'" நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "'...செல்வின்.'"

திரையில் முள்ளம்பன்றி முதலில் திரும்பியது. எங்களைப் பார்த்துத் துள்ளியது.

நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். "அது நான்தாங்க" என்றேன். எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். இருபத்தேழு நாள் தாமதமாக.

கிரேஸ் என்னிடம் வரவில்லை. நேராகப் பிள்ளைகள் பக்கம் போய், பட்டுச் சேலையோடு பாயில் ஷைனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அப்பாவே சொல்வாங்கன்னு வெயிட் பண்ணேன்மா" என்றாள் ஷைனி. குறையாகச் சொல்லவில்லை. பஸ் வரும் என்று நின்றேன், இன்னும் வரவில்லை என்கிற மாதிரி சொன்னாள். என்னை வேறு எதுவும் அந்த அளவுக்கு அடித்ததில்லை.

கூட்டம் எப்படி முடிந்தது என்று நினைவில்லை. பாஸ்டர் ஜெபம் செய்தார். வழக்கத்தைவிடச் சுருக்கமாக. வடை வரிசையில் என்னைச் சுற்றி நாலடிக்கு யாரும் இல்லை. காலித் தட்டோடு நின்றேன். அப்போது சபைப் பொருளாளர் ஜெயராஜ் அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். ரிட்டயர்டு ஆகி நாலு வருடம், சிரித்து யாரும் பார்த்ததில்லை. சபையை விட்டு விலக்கப் போகிறார் என்றே நினைத்தேன். சட்னியைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, அந்த ரெண்டாவது பிளாட்பாரம் எப்படிக் கட்டுனீங்க? நான் மூணு மாசமாப் பாக்குறேன், எனக்கு வரமாட்டேங்குது."

"உங்ககிட்டயும் இருக்கா அண்ணே?"

"பேத்திக்கு வாங்குனது" என்றார். ஒரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். "அவ பெங்களூர்ல இருக்கா. வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவா."

அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து பேசினார்கள். யார் என்று சொல்லமாட்டேன், ஒருவர் அன்றைக்குக் குறிப்பெடுத்த அம்மா.

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். தசரா பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் பிள்ளைக்காகத்தான் வந்திருப்பார்கள். பிள்ளை கீழே பஞ்சு மிட்டாயோடு பயந்துபோய் நிற்கும். அந்தக் கம்பெனிக்கு இது தெரியாமல் இருக்காது. குழந்தை முகத்தை அட்டையில் போடுவது குழந்தைகளைக் கூப்பிட மட்டுமல்ல, கூடவே வரும் பெரியவர்களுக்கு ஒரு சாக்கும் வேண்டும். அதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. "பரவாயில்லை, அடுத்த ரயிலில் போகிறேன்" என்பது எட்டு வயதுக்காரிக்கு வெறும் வசனம். அவளுக்கு எல்லா ரயிலும் இனிமேல்தான் வரப் போகிறது. அந்த வார்த்தை தேவைப்படுகிறவன் நாற்பதைத் தாண்டியவன். ஒன்றிரண்டு ரயிலைத் தவறவிட்டவன். அதைக் கேட்க ஆசைப்பட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதைக் கேட்பதற்காக ஒரு குழந்தையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் தப்பு.

வீட்டுக்குப் போகும்போது கிரேஸ் காரில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "ஸ்கூல்ல பத்தாம் வகுப்ப எடுத்துட்டாங்கன்னு என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறொரு ஆசிரியரின் மனைவி சொல்லியிருக்கிறாள். மூன்று மாதமாக அவளும், நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். பின்சீட்டில் ஷைனி தூங்குவது மாதிரி படுத்திருந்தாள். முடித்ததும் கிரேஸ், "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அந்த விளையாட்டைத் தவிர வேறு யாரும் என்னிடம் கேட்பதில்லை என்று நான் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை. அவள் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தண்டனையும் கிடைத்தது. அடுத்த மாதம் முழுக்க ஷைனி மட்டும் விளையாடினாள். பெட்டி தூக்குவது சரியா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் எனக்கு அனுமதி. பிறகு கிரேஸ், அந்தப் பெற்றோர் செயலியில் என் பெயரிலேயே ஒரு கணக்கு திறந்தாள். வயது எட்டு என்று போட்டாள். ஒரு நாளைக்கு முப்பது நிமிடம். அதற்கு மேல் போனால் திரை தானாக மூடிக்கொள்ளும். இப்போது ஷைனிக்குப் பதினான்கு வயது. செயலி அவள் போனுக்கு மாறிவிட்டது. கூடுதலாகப் பத்து நிமிடம் வேண்டும் என்றால் அவளிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் எழுதாமல் கொடுப்பதில்லை.

பாஸ்டரின் மொழிபெயர்ப்பு எங்கள் வீட்டின் சொந்த மொழியாகிவிட்டது. எது உடைந்தாலும், எது தொலைந்தாலும் கிரேஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யார் நிமித்தம்?" என்று கேட்பாள். கேட்ட மாத்திரத்தில் என் கை மேலே போய்விடும். நான் செய்தேனா என்று யோசிப்பதுகூட இல்லை. ஆறு வருடத்துப் பழக்கம். சொந்தக்காரர்கள் வந்தால் இதை நடத்திக் காட்டச் சொல்வார்கள்.

போன வாரம் சமையலறையில் பால் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. கிரேஸ் கேட்டாள். கையில் இருந்த விடைத்தாள்களோடு நான் கையைத் தூக்கினேன்.

ஷைனி ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்பா, கைய எறக்குங்க. இது நெஜமாவே பூனை."